ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி

சின்ன மாமாவுக்கு வந்தது என்ன வியாதி என்று ஆச்சி வீட்டில் யாருக்கும் தெரியாது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் கரிசல் காட்டு ஊர். எழுபதுகளின் தொடக்கம். நாலு வயதுவரை ஓடித் திரிந்த பிள்ளை, அதற்குப் பிறகு அடிக்கடி தடுக்கி விழுந்திருக்கிறான். தரையில் உட்கார்ந்தால் சட்டென்று எழ முடியாது. முதலில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி இடுப்பைத் தூக்குவான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைப்பான், அடுத்த கையை மற்ற முழங்காலில். அப்படியே கைகளைத் தொடைவரை நகர்த்தி, தன் உடம்பையே பிடித்துக்கொண்டு நிமிர்வான். அம்மா இதை எங்களுக்குச் செய்தே காட்டியிருக்கிறாள். கெண்டைக்கால் மட்டும் திரண்டு கெட்டியாக இருக்குமாம். அதைப் பார்த்த வாத்தியார், “காலு இம்புட்டு உரமா இருக்கு, நடிக்கியாலே” என்று முட்டி போட வைத்திருக்கிறார்.

வைத்தியர் வாதம் என்று சொல்லி எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் போலியோவாக இருக்கலாம் என்றார்கள். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டினார்கள். ஆச்சியும் தாத்தாவும் அத்தை மகன், மாமன் மகள். அதனால் ‘சொந்தத்துல கட்டுனா இப்பிடித்தான்’ என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. பத்து வயதில் மாமாவின் நடை நின்றது. நான் பார்த்தபோது அவர் கட்டிலோடு இருந்தார். ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்பார், ஸ்கோரை எனக்குச் சொல்லி நோட்டில் எழுதச் செய்வார். 1985-ல் மூச்சுத் திணறி இறந்தபோது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. ஆச்சி கடைசிவரை தன் வயிற்றைத்தான் குறை சொல்லிக்கொண்டாள்.

மாமா எழுந்து நின்ற விதத்தை வில்லியம் கவர்ஸ் என்ற மருத்துவர் 1879-லேயே லண்டனில் விவரித்துவிட்டார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. இன்றுவரை அந்த அடையாளத்துக்கு அவர் பெயர்தான். கெண்டைக்கால் புடைத்துப் பிள்ளைகள் நடை தளரும் இந்த நோயை அதற்கும் முன்பே, 1868-ல், பிரான்சின் கியோம் டுஷேன் விரிவாக எழுதியிருந்தார். டுஷேன் மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. மாமா இறந்த மறு வருஷம், 1986-ல், அமெரிக்காவில் லூயிஸ் குங்கெலின் குழு இதற்குக் காரணமான ஜீனைக் கண்டுபிடித்தது. 1987-ல் அந்த ஜீன் உருவாக்கும் புரதத்தை அடையாளம் கண்டு டிஸ்ட்ராபின் என்று பெயரிட்டார்கள். தசை நார் சுருங்கி விரியும்போது கிழியாமல் காப்பது அந்தப் புரதம்.

இத்தனையும் எங்கோ அச்சாகி இருந்தது. கோவில்பட்டிக்கு வரவில்லை, அவ்வளவுதான். வந்திருந்தாலும் அன்று மாமாவைக் காப்பாற்றும் மருந்து இல்லை. ஆனால் வாத்தியார் முட்டி போட வைத்திருக்க மாட்டார். ஆச்சி தன் வயிற்றை நொந்திருக்க மாட்டாள். தகவல் என்றால் மருந்து மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

*

2001-ல் என் அக்கா மகனுக்கு ஐந்து வயது. ஒரு கல்யாண வீட்டில் பந்திப் பாயிலிருந்து அவன் எழுந்ததைப் பார்த்து அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த வாரமே மதுரையில் ரத்தம் எடுத்தார்கள். சி.பி.கே. என்ற அளவு சில நூறைத் தாண்டக் கூடாத இடத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. தசை உடையும்போது ரத்தத்தில் கசியும் நொதி அது. டாக்டர் ஒரு துண்டுச் சீட்டில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, வேலூருக்குப் போய்க் காட்டுங்கள் என்றார்.

நான் அப்போது ஓர் அச்சகத்தில் டி.டி.பி. வேலையில் இருந்தேன். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டில்தான் வந்தது. ஆறு வருஷத்தில் அது மதுரைச் சந்துகளில் பிரவுசிங் சென்டராக முளைத்திருந்தது. பிளைவுட் தடுப்பு, மங்கலான மானிட்டர், வாசலில் வரிசையாகக் கழற்றிவிட்ட செருப்புகள். அந்தத் துண்டுச் சீட்டைக் கீபோர்டுக்கு மேல் சாய்த்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். பக்கம் மேலிருந்து கீழாக மெள்ள விரியும். காசு ஓடிக்கொண்டிருக்கும்.

வந்தது கொஞ்சம்தான். ஆனால் வந்தவை பெரும்பாலும் ஆள் பெயர் தெரிந்த இடங்களிலிருந்து வந்தன. ஓமிம் என்ற பரம்பரை நோய்ப் பட்டியல் ஒன்று. விக்டர் மெக்கூசிக் 1966-ல் புத்தகமாகத் தொடங்கியது, 1995-லிருந்து இணையத்தில் இருந்தது. ஒவ்வொரு நோய்க்கும் அதில் ஓர் எண் உண்டு. டுஷேனுக்கு 310200. அந்தப் பக்கம் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை, ஆனாலும் அச்செடுத்தேன். ஜீன் ரிவ்யூஸ் என்று இன்னொன்று. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையில் மரபியல் மருத்துவர்கள் நோய்க்கு ஒரு கட்டுரையாக எழுதி, மற்ற மருத்துவர்கள் சரிபார்த்து வெளியிடுவது. டிஸ்ட்ராபின் நோய்களைப் பற்றிய கட்டுரை அதில் 2000 செப்டம்பரில்தான் ஏறியிருந்தது. யார் எழுதியது, எப்போது திருத்தியது என்று அதிலேயே போட்டிருந்தது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய கண்ணுக்கு அது உடனே பட்டது. மூன்றாவதாக, இரண்டு மகன்களையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்த பாட் ஃபர்லாங் என்ற அமெரிக்கத் தாய் 1994-ல் மற்ற பெற்றோருடன் சேர்ந்து தொடங்கிய அமைப்பின் பக்கங்கள். வீட்டில் என்ன செய்யலாம் என்று தாய் தாய்க்குச் சொல்லும் மொழியில் எழுதியிருந்தது அங்கேதான்.

தமிழில் ஒரு வரி கிடையாது. தமிழ் எழுத்துரு ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத காலம். ஒருவர் தட்டியது இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கிலத்திலிருந்த பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவ அகராதியைப் பார்த்துப் பார்த்து அக்காவுக்காகப் பள்ளிக்கூட நோட்டில் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டுதான் வேலூர் ரயில் ஏறினோம்.

வேலூரில் ஒரு டாக்டர் எதிரே உட்கார்ந்து, வெள்ளைத் தாளில் வட்டமும் சதுரமும் போட்டு எங்கள் குடும்பத்தையே வரைந்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். ஆச்சி, அவளுக்குக் கீழே பெரியம்மா, அம்மா, சின்ன மாமா. மாமாவின் சதுரத்தை மட்டும் பேனாவால் கறுப்பாக நிரப்பினார். பிறகு அக்கா, நான், கீழே அக்கா மகன். இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். ஆணுக்கு ஒன்றுதான். பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதே பழுதைச் சுமக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வருகிறது. யாருடைய பாவமும் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை என்று அவர் சொன்னபோது அம்மா அழுதாள். ஆச்சி இறந்து அப்போது சில வருஷங்கள் ஆகியிருந்தன.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் சொன்னோம். அவளுக்கு இரண்டு மகள்கள், அவர்களுக்கும் மகள்கள். “இதை வெளியில பேசாதீங்க, எம் பேத்திகளுக்கு வரன் வராது” என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். நாங்கள் எவ்வளவு சொல்லியும் பரிசோதனைக்கு யாரையும் அனுப்பவில்லை. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். பெண் வீட்டில் ஒரு நோயின் பெயர் வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

சில வருஷங்கள் கழித்து எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை நம் பக்கமும் வந்தது. டிஸ்ட்ராபின் ஜீனில் எக்ஸான் எனப்படும் துண்டுகள் 79. பழைய பரிசோதனை அவற்றில் சிலவற்றை மட்டும் பார்த்தது. இது எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்கிறது. அக்கா மகனின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: எக்ஸான் 45 முதல் 50 வரை இல்லை. அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒரு எக்ஸில் அதே குறை. எனக்கு இல்லை.

அந்த ஒரு வரி வரும்வரை நாங்கள் படித்ததெல்லாம் பொதுவான தகவல். வந்த பிறகுதான் எங்களுக்கான தகவல் எது என்று பிரிக்க முடிந்தது. இன்று யார் வந்து கேட்டாலும் முதலில் நான் கேட்பது, “எம்.எல்.பி.ஏ. ரிப்போர்ட் இருக்கா?” என்பதைத்தான். கூகுள் அதற்கு அப்புறம்.

போன வருஷம் பெரியம்மாவின் பேத்தி போன் செய்தாள். மூன்றரை வயது மகன். “சித்தி, இவனுக்கு லிவர்ல பிரச்சினைங்காங்க” என்றாள். காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்த இடத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏறியிருந்தன. யூடியூபில் தேடினாள். எஸ்.ஜி.பி.டி. குறைய என்று தமிழில் வீடியோ வீடியோவாக வந்து விழுந்தது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து, எண்ணெய், காரம் நிறுத்தி, பிள்ளை மாதக் கணக்கில் பத்தியம் இருந்தான். அளவு இறங்கவே இல்லை. ஸ்கேனில் கல்லீரல் நன்றாக இருந்தது. மஞ்சள் காமாலைக்குரிய பிலிருபினும் ஏறவில்லை. அவள் பார்த்த வீடியோக்கள் எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். கல்லீரல் நோய்க்காரருக்கு அவற்றில் சில பொருந்தலாம். ஆனால் அந்த நொதிகள் தசையிலும் இருக்கின்றன, தசை உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும் என்பதை அவற்றில் ஒருவரும் சொல்லவில்லை. டுஷேன் பிள்ளைகள் பலருக்கு முதல் அலைச்சல் இப்படிக் கல்லீரல் டாக்டரிடம்தான் தொடங்குகிறது. கூட ஒரு சி.பி.கே. பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அவளுடைய அம்மாதான் கடைசியில் வாய் திறந்திருக்கிறாள். “சின்ன மாமா எந்திரிச்ச மாதிரியே எந்திரிக்கான்.” நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

அக்கா மகன் இப்போது இருபதுகளின் கடைசியில் இருக்கிறான். பதிமூன்று வயதில் சக்கர நாற்காலி. இரவில் பைபாப் மூச்சுக் கருவி. இதயத்துக்கு மாத்திரை. விரல் அசைவுக்கு ஏற்ற மவுஸ் வைத்துக் கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறான். மாமாவின் காலத்தில் இந்த வயதை எட்டியவர்கள் அரிது. ஸ்டீராய்டு, மூச்சுக் கருவி, சரியான நேரத்தில் இதய மருந்து, முதுகெலும்புக் கவனிப்பு இவை சேர்ந்து டுஷேன் பிள்ளைகள் பலரை முப்பது வரையும் அதற்கு மேலும் கொண்டுவந்திருக்கின்றன. இவை எப்போது, எந்த வரிசையில் என்பதை உலக நிபுணர்கள் சேர்ந்து 2010-ல் லான்செட் நியூராலஜி இதழில் எழுதினார்கள், 2018-ல் திருத்தி மூன்று பகுதிகளாக வெளியிட்டார்கள். எங்கள் வீட்டில் அதிகம் தேய்ந்த தாள் அதுதான். கேரியராக, அதாவது பழுதைச் சுமப்பவளாக, இருக்கும் பெண்ணுக்கும் இதயத் தசை பலவீனப்படலாம், எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அக்கா அதிலிருந்துதான் தெரிந்துகொண்டாள். மகனுக்காகத் தேடிய தாய்க்குத் தனக்கும் ஒரு செய்தி அங்கே இருந்தது.

பேத்தி தன் போனைக் காட்டினாள். வாட்ஸ்அப்பில் நூறு பேர் அனுப்பியது. அதில் ஒரு வீடியோவை அவள் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். பதினெட்டு வயதுப் பையன் மாடிப்படி ஏறுகிறான். இந்த மருந்தால்தான் மகன் நடக்கிறான் என்று அவன் அப்பா சொல்லி, நம்பிக்கைக்காகப் பழைய ரிப்போர்ட்டைக் கேமராவுக்கு நேரே பிடிக்கிறார். அக்கா மகன் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னான். பெரிதாக்கிப் பார்த்தான். எக்ஸான் 45 முதல் 48 வரை இல்லை என்று இருந்தது.

“இவங்களுக்கு நாலு துண்டு போயிருக்கு, நமக்கு ஆறு. அதனால கொஞ்சம் லேசா இருக்கா?” என்று அவள் கேட்டாள். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அவன் ஒரு தாளை எடுத்துவரச் சொல்லி என்னை எழுதச் செய்தான். ஜீனின் எழுத்துகளை உடம்பு மூன்று மூன்றாகச் சேர்த்துப் படிக்கிறது. 45-ஆம் எக்ஸானில் 176 எழுத்து. 46-ல் 148, 47-ல் 150, 48-ல் 186. கூட்டினால் 660. மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். நடுவில் அவ்வளவு போனாலும் மிச்சமிருப்பதை உடம்பு வரிசை தப்பாமல் படித்துவிடும். நீளம் குறைந்தாலும் வேலை செய்யும் டிஸ்ட்ராபின் கொஞ்சம் உருவாகும். பெக்கர் என்கிற மிதமான வகை பெரும்பாலும் இப்படித்தான். அவர்களில் பலர் பெரியவர்களாகியும் நடப்பார்கள். நம் வீட்டுக் கணக்கில் 49-இன் 102-ஐயும் 50-இன் 109-ஐயும் சேர்க்க வேண்டும். மொத்தம் 871. மூன்றால் வகுத்தால் ஒன்று மீதி. அந்த ஓர் எழுத்தால் அதற்குப் பிறகுள்ள எல்லாமே பிசகிவிடுகிறது, புரதமே உருவாவதில்லை. 45 என்ற ஒற்றைத் துண்டு மட்டும் போனாலும் இதே கதிதான், 176 மூன்றால் வகுபடாது. துண்டு எத்தனை என்பதைவிட மீதி என்ன என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. விதிவிலக்குகள் உண்டு, அதனால்தான் டாக்டர் பிள்ளையையும் பார்த்து முடிவு சொல்கிறார்.

அந்த அப்பா பொய் சொல்லவில்லை. அவர் மகன் நடக்கிறான், உண்மை. மருந்து இல்லாமலும் அந்த வயதில் நடந்திருக்கக்கூடிய பையன் அவன். உண்மையான ஒரு குடும்பத்தின் உண்மையான வீடியோ, நம் பிள்ளையைப் பொறுத்தவரை தவறான தகவலாகிவிட்டது. மரபணு நோய்களில் மற்ற எந்த ஏமாற்றையும்விட இதுதான் அதிகம் அலைக்கழிக்கிறது. ஒரே பெயருள்ள நோய், வேறு வேறு பழுது. ஊர் பெயர் மட்டும் எழுதிப் போட்ட கடிதம் வீடு வந்து சேராது.

*

அதே கணக்குதான் புதிய மருந்துகளுக்கும். 871-உடன் அடுத்த எக்ஸான் 51-இன் 233-ஐயும் சேர்த்து விலக்கிவிட்டால் 1104. மூன்றால் வகுபடும். அந்த 51-ஐ உடம்பு தாண்டிப் போகச் செய்யும் எடிப்லிர்சென் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2016 செப்டம்பரில் விரைவு அனுமதி கிடைத்தது. டுஷேன் பிள்ளைகளில் சுமார் 13 சதவீதத்தினருக்கு மட்டும் அது பொருந்தும். எங்கள் வரி அந்த 13-க்குள் வருகிறது. அன்று அக்காவுக்குச் சொந்தக்காரர்கள் போன் மேல் போன். ‘மருந்து கண்டுபிடிச்சாச்சாமே!’ அனுமதியின் அடிப்படையான முக்கிய ஆய்வில் இருந்தவர்கள் 12 சிறுவர்கள். தசையில் டிஸ்ட்ராபின் சிறிதளவு கூடியதை வைத்துத் தந்த அனுமதி அது, நடையிலோ மூச்சிலோ பலன் நிரூபணமாகவில்லை என்று மருந்தின் சீட்டிலேயே எழுதியிருந்தது. பத்திரிகைத் தலைப்பில் அது இல்லை. விலையோ வருஷத்துக்குக் கோடிகளில். அக்கா அந்தச் சீட்டை முழுக்கப் படித்த பிறகுதான் அன்று இரவு தூங்கப் போனாள்.

2023 ஜூனில் எலிவிடிஸ் என்ற மரபணுச் சிகிச்சைக்கு அனுமதி வந்தது. ஒரே தடவை ஏற்றுவது, விலை 32 லட்சம் டாலர். 2024-ல் நடக்க முடியாதவர்களுக்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டது. 2025-ல் அதைப் பெற்ற, நடக்க இயலாத நிலையிலிருந்த இரண்டு வளரிளம் பையன்கள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அதன் பிறகு கடுமையான எச்சரிக்கை சேர்ந்து, பயன்பாடு நடக்கக்கூடியவர்களோடு நின்றது. 2024-இன் கட்டுரையை இன்று படிப்பவருக்கு அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியமும் அன்றைக்குச் சரிதான். ஆனாலும் அதை நம்பி முடிவெடுத்தால் உயிருக்கு ஆபத்து. தேதி இல்லாத பக்கத்தை நான் படிப்பதே இல்லை.

பேத்தியின் போனில் இன்னொன்றும் இருந்தது. ஒரு மருத்துவ நிலையத்திலிருந்து தினமும் பேசுகிறார்கள். ஸ்டெம் செல் ஊசி, தவணையில் லட்சக்கணக்கில், இந்த மாதம் பதிவு செய்தால் தள்ளுபடி. ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல் மாற்றுவது நிரூபணமான சிகிச்சை. டுஷேன் போன்ற தசைச் சிதைவுக்கு அப்படி எதுவும் நிரூபணமாகவில்லை. அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே மற்ற நோய்களுக்கு அதைத் தரக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆய்வு என்று அவர்கள் சொன்னால் அதற்கும் வழி இருக்கிறது. 2007-லிருந்து இந்தியாவில் மருந்தாய்வுகளுக்கு சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேடு உண்டு, யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். ஆய்வில் சேர்கிறவரிடம் சோதனை மருந்துக்குக் காசு வாங்கும் வழக்கம் நேர்மையான ஆய்வுக்குக் கிடையாது. பேத்தியின் கணவர் பதிவெண் கேட்டார். அன்றோடு அந்த போன் நின்றது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடமும் கேட்கிறார்கள். நல்ல தமிழில் பதில் வருகிறது. நடை சரளமாக இருப்பதால் செய்தி சரியாகிவிடாது. எங்கிருந்து எடுத்தது என்று கேட்டு, அந்த இடத்தைத் திறந்து, எழுதியவர் யார், சரிபார்த்தது யார், எந்த வருஷம் என்று பார்க்க வேண்டும். அன்று பிரவுசிங் சென்டரில் திறந்த பக்கங்கள் இன்றும் இருக்கின்றன, இலவசமாகவே இருக்கின்றன. ஜீன் ரிவ்யூஸ் அவ்வப்போது திருத்தப்படுகிறது. பொதுமக்களுக்கென்று எளிய ஆங்கிலத்தில் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003-ல் தொடங்கிய பக்கங்கள் இப்போது மெட்லைன்பிளஸ்ஸுக்குள் இருக்கின்றன. அரிய நோய்களுக்கு பிரான்சில் 1997-ல் தொடங்கிய ஆர்ஃபாநெட் இருக்கிறது. அவை எதுவும் யாருக்கும் போன் செய்து முன்பணம் கேட்பதில்லை.

இவ்வளவு இருந்தும், எதிரே உட்கார்ந்து வட்டமும் சதுரமும் போட்டுக் காட்டும் ஒரு மனிதருக்கு மாற்று கிடையாது. பேத்தியைக் கோயம்புத்தூரில் டுஷேனுக்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தரும் எம்.டி.சி.ஆர்.சி. மையத்துக்கு அனுப்பினோம். எங்கள் வீட்டு ரிப்போர்ட்டின் நகலையும் கொடுத்துவிட்டோம். குடும்பத்தின் பழுது எதுவென்று முன்பே தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு அதே வரி வந்தது. அவளுக்கும். அடுத்த குழந்தையைப் பற்றி அவள் கேட்டாள். கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டமே, பாலினம் சார்ந்து வரும் இதுபோன்ற மரபணு நோய்களுக்குப் பதிவு பெற்ற மையங்களில் கருவைப் பரிசோதிக்க இடம் தருகிறது. அதைச் செய்வதா, செய்து என்ன முடிவெடுப்பது என்பது அவளும் அவள் கணவரும் தீர்மானிக்க வேண்டியது. அந்த மையத்தில் அவளுக்கு அதைச் சொன்னவர் ஒரு தடவைகூட அவளை அவசரப்படுத்தவில்லை. பெரியம்மா காலத்தில் கும்பிட்டு மூடி வைத்ததை அவள் தன் தங்கைக்கும் சித்தி மகள்களுக்கும் தானே போன் செய்து சொல்லிவிட்டாள்.

அக்காவும் அவளுக்கு ஒன்று கொடுத்தாள். தன் பர்ஸில் வைத்திருக்கும் அட்டையின் நகல். மேலே பிள்ளையின் நோய், எக்ஸான் எண். கீழே இரண்டே வரி: மயக்க மருந்து தரும்போது சக்சினைல்கோலின் கொடுக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடலாம். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நடுராத்திரியில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் போய் நின்றாலும் அங்கிருக்கும் டாக்டர் கையில் கொடுக்க வேண்டிய தகவல் இதுதான். அக்கா அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

அந்த அட்டையை ஒரு தாய் தன் செலவில் செய்துகொள்ளும் நிலை மாற வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் தசைச் சிதைவு தனியாகவே இருக்கிறது. 2021-ல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. அடுத்த ஆண்டே உதவி 50 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. சட்டமும் கொள்கையும் வந்துவிட்ட நாட்டில், ரிப்போர்ட்டோடு தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எந்த எக்ஸான் இல்லை, அதற்கு என்ன பொருள், வீட்டில் யார் யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், என்னென்ன மருந்து ஆகாது, அடுத்து யாரிடம் போக வேண்டும், இந்தத் தாள் எழுதிய தேதி என்ன. மரபணுப் பரிசோதனை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் இந்த ஆறு கேள்விக்கும் தமிழில் எழுதிய பதில் தாய் கையில் கிடைக்க வேண்டும். அது கிடைக்கும் நாளில் அவள் யூடியூபைத் திறந்தாலும் பயமில்லை. தன் பிள்ளைக்குரியது எது, அல்லாதது எது என்று அவளே பிரித்துக்கொள்வாள்.